மேட்டுல வெச்ச நீலக் கல்லு

அந்த ஸ்டூல் ஆடும் சார், இதுல உக்காருங்க. தக்காளிக் கூடைய நகத்திட்டாப் போச்சு. டீ சொல்லியிருக்கேன். மேட்டுல தண்ணிக்குப் போர் போடற வண்டி ஓடி முடியற வரைக்கும் நம்ம கடையிலதானே இருக்கப் போறீங்க?

ஆமா, மொதல்ல தம்பின்னுதான் கூப்பிட்டேன். அப்ப நீங்க ஆராய்ச்சிக்கு வந்த புள்ள. இப்ப கம்பெனி ஆளு. தம்பின்னா ஒட்டுமா?

எங்க பொம்பளைங்களைக் கூட்டி வெச்சு, மண்ணுல ஊரைப் படமாப் போடச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? வேலை இல்லாத மாசத்துல எங்க போய் வயித்தக் கழுவறீங்க, காட்டுங்கன்னீங்க. கீரைக்குப் பச்சைக் கல்லு, தண்ணிக்கு நீலக் கல்லு. எல்லாத்தையும் ஓடைக்கரையில வெச்சோம். என் நாத்தனா நண்டு வளையக்கூட விடல. இந்தப் படம்தான் உங்க உரிமைக்கு சாட்சின்னீங்க. நானும் பல்லக் காட்டிட்டுத் தலையாட்டினேன்.

அந்தப் படத்தப் பாத்துத்தான் கம்பெனிக்காரன் கரையை வளைச்சு வேலி போட்டான். கீரை பறிக்கப் போன நாத்தனாவ வாட்ச்மேன் புடிச்சுத் தள்ளினான். இன்னிக்கும் அவளுக்குக் கை நேரா நீட்ட வராது. தெரியாதா? எப்படித் தெரியும், நீங்கதான் அங்கேயே வேலையில சேந்துட்டீங்களே.

சரி விடுங்க. டீ ஆறுது.

ஓடைய உறிஞ்சிட்டு, தண்ணி பத்தலன்னு மறுபடி வந்தீங்க. மேட்டுல ஊத்து எங்க இருக்கு, கல்லு வைங்கன்னீங்க. வெச்சோம். மேடு வேணுமா, கரையைத் திருப்பிக் குடுன்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். கத்திரிக்காய்க்கே விட்டுக் குடுக்காதவ, நிலத்துக்கு விடுவேனா? அழுதேன், கத்தினேன், போய்யான்னு எந்திரிச்சுப் போனேன். நீங்கதான் பின்னாடியே வந்து சமாதானம் பண்ணீங்க. போன படம் அச்சு அசலா இருந்துச்சு, இதையும் நம்பலாம்னு கம்பெனிக்கு நீங்களே எழுதிக் குடுத்தீங்க.

மேடு உங்களுக்கு, கரை எங்களுக்குன்னு நேத்து பத்திரம் பதிஞ்சாச்சு. காலையில வேலியப் பிடுங்கிட்டோம். நல்லா ஒரு மழை பேஞ்சா ஓடை தேறிடும். நாத்தனா இப்பவே கூடையோட போயிட்டா.

எங்க, மேட்டுலயா? வெள்ளையாப் பறக்குதே, அதா? புகை இல்ல சார், பாறைத் தூளு. எவ்வளவு ஆழம் போனாலும் அதேதான் வரும். அங்க நீலக் கல்லு வெச்சதெல்லாம் நான்தான்.

சக்கரை போதுமா?