மேசை துடைக்கிற துணி

— இந்தத் துணியத் தொடாதீங்கன்னு காலையிலேயே சொன்னேம்லா? மறுபடியும் இத வச்சா எலை போடுத மேசையத் தொடைச்சீய?

— ஏட்டி அனுசியா, ஆளு சாப்பிடுத நேரத்துல கத்தாத. துணின்னா தொடைக்கத்தான்.

— மீன் வெட்டுன பலகையத் தொடைச்ச துணிங்க அது! அதாலயே அடுப்பு, அதாலயே மேசை, அதாலயே ஒங்க கையி.

— அலசித்தான் போட்டேன்.

— பச்சத்தண்ணில அலசி, குழாய் மேல சுருட்டி வச்சா ஆச்சா? இந்தக் குத்தாலச் சாரல்ல உடுத்துத சட்டையே காய மாட்டேங்கு. ஈரத்துணில கிருமி பெருகாம என்ன செய்யும்? கொதிக்க வச்சு எடுங்க, அடுப்புக்கு மேல கொடி கட்டிருக்கேன், விரிச்சுப் போடுங்கன்னு எத்தன தடவ சொல்லுதது?

— சீசன் கூட்டத்துல துணி அவிக்கவா நேரம்? சோறு வடிக்கவே அடுப்பு பத்தல.

— இப்ப வாசுதேவநல்லூர்லருந்து வேன்ல வந்தவங்க, பாதி எலையில எந்திரிச்சுப் போயிட்டாங்க. மேசை நாறுதுன்னு அந்தம்மா மூக்கப் பொத்துனா. லாட்ஜ் மகாதேவன் அண்ணாச்சி பாத்துக்கிட்டே நின்னாரு. ஒங்க பேரச் சொல்லியே, இனிமே சொரிமுத்து கடைக்கு ஆளு அனுப்ப மாட்டேன்னுட்டாரு.

— அவரு கெடக்காரு.

— அவரு கெடக்கட்டும். பாத்திரம் தேய்க்குத ஸ்பாஞ்சப் பாருங்க, பாசி புடிச்ச கல்லு மாதிரி வழவழங்கு. தூரப் போடுங்கன்னா, இன்னும் நல்லாத்தான இருக்குங்கீய.

— சரி, விடுட்டி.

— விட மாட்டேன். இந்தாங்க, இந்தத் துணிய மோந்து பாருங்க.

— அப்பறம் பாக்கேன்.

— இப்பவே. மூக்குப் பக்கத்துல வைங்க.

— ம்... நல்லாத்தான இருக்கு.

— நல்லா இருக்கா! எனக்கு இங்கன நின்னே கொமட்டுது. வேணும்னே செய்யுதீயளா? எண்ணெ காறிப்போச்சுன்னு வாசல்லருந்தே சொல்லுவீயளே, இந்த நாத்தம் மட்டும் தெரியலியா? எதுக்குத் தலையக் குனியுதீய?

— கத்தாதட்டி, வெளிய கேக்கும். வைகாசில காய்ச்சல்ல கெடந்தேம்லா, அதுலருந்து எனக்கு எந்த மணமும் தெரியல. மூக்கு செத்த சமையக்காரன்னு தெரிஞ்சா எவன் சாப்பிட வருவான்? அதான் ஒங்கிட்டகூடச் சொல்லல. ரசத்தக்கூட கைக்கணக்குலதான் கூட்டுதேன்.