முதல் வரிசை

— குறுக்கே பேசாம கேளு, கலை, அறிவிப்பை வாசிக்கிறேன். "2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை பதினொரு மணி, மாமல்லபுரம் கணிதக் கருத்தரங்கு. பேசுபவர்: பிரதீபா. ஒன்பது வரிசை, இருபத்தெட்டு பத்தி, முப்பத்தாறு எண்கள். எந்த வரிசைக்கு எந்த எண்கள், எந்தப் பத்திக்கு எந்த எண்கள் என்பது ஒரு சமச்சீர் விதிப்படி முன்பே முடிவானது. வரிசையிலும் பத்தியிலும் எதுவும் இருமுறை வராமல் கட்டங்களை நிரப்ப வேண்டும். இத்தகைய அணி எப்போதும் நிரம்பும் என்று அறுபது ஆண்டுகளாக நம்புகிறார்கள், யாரும் நிரூபிக்கவில்லை. எங்கள் அணி நிரம்பாது." இதில் எந்தச் சொல்டா உனக்கு உறுத்துது?

— அந்த 'நிரம்பாது'தான், பிரதீபாக்கா.

— இன்னும் அரை மணி நேரம் இருக்கு. புரோகிராம் எழுதினவன் நீ. இப்ப வந்து உறுத்துதுங்கிறே.

— இவ்ளோ பெருச மூணு வாரத்துல முழுசா தேடிச்சுன்னா எனக்கே நம்ப முடியல.

— வேகமாத் தேடினது குற்றமா?

— தேட வேண்டிய எடத்த வுட்டுட்டு ஓடியிருந்தா குத்தம்தான்.

— சுத்தி வளைக்காதே. எங்கே விட்டே?

— மொத வரிசை.

— அதுக்கென்ன? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏறுவரிசையில நிக்குது. எல்லாப் பத்திக்கும் ஒரே எண்கள் உள்ள லத்தீன் சதுரத்துல எல்லாரும் அப்படித்தான் வைப்பாங்க. பத்திகளை இடம் மாத்திக்கலாம், பொதுத்தன்மை கெடாது.

— அங்க கெடாது. எங்க சிறுசேரி கம்பெனி ஷட்டில் பஸ் மாறி, எவன் எந்த சீட்ல ஒக்காந்தா இன்னா? இங்க ஒவ்வொரு பத்திக்கும் அதோட ஒம்போது நம்பர் ரிசர்வ் ஆயிகீது. மொத வரிசைய நீ முன்னாடியே ஒக்கார வெச்சுட்டா, மத்த வழியெல்லாம் மெஷின் திரும்பியே பாக்காது. இன்னாக்கா, பேப்பர மடிச்சி வெச்சிட்ட. தண்ணி வேணுமா?

— வேண்டாம். அந்த வரி யார் எழுதினது?

— புரோகிராம் என்னுது.

— அதைக் கேக்கலை.

— ஒன் நோட்டுல கீது. செவப்பு மையில, 'முதல் வரிசை ஒழுங்காக இருக்க வேண்டும்.' ரெண்டு அடிக்கோடு. சட்ட பொத்தான மேலேர்ந்துதான் போடணும்னு என்ன அடிச்சவ நீ. நான் கேள்வி கேப்பனா?

— கேட்டிருக்கணும். சரி, நிரம்புமா நிரம்பாதான்னு தெரியலை, அவ்வளவுதானே? 'முதல் வரிசை இப்படி இருந்தால் நிரம்பாது'ன்னு திருத்திப் பேசிடறேன். அதுவும் உண்மைதான்.

— அக்கா, முந்தாநாளே அந்த வரிய தூக்கிட்டு ஓட வுட்டேன். இன்னிக்கு நாஸ்தா துன்னும்போது ரொம்பி நின்னுச்சு. இந்தா, போன்ல பாரு.

— எல்லாக் கட்டமுமா?

— இருநூத்தி அம்பத்திரண்டும். நானே குந்தி சரி பாத்தேன்.

— முந்தாநாளே சந்தேகம் வந்திருக்கு. சொல்லலை.

— ஒன்கிட்ட வாய் வர்ல. கருத்தரங்கு நடத்துற சீனு சார்கிட்ட சொல்ட்டேன், புரோகிராம்ல என் தப்புன்னு. இருநூறு பேர் ஒக்காந்துகினு கீறாங்க. ஒன் பேரு கெட வேணாம்.

— போனை மூடாதே, திரையில போடணும். பேனா இருக்கா? எழுது. "அறிவித்த முடிவு திரும்பப் பெறப்படுகிறது. அணி நிரம்பும். முதல் வரிசையை ஒழுங்குபடுத்தச் சொன்ன பிழை பிரதீபாவுடையது. எப்போதும் நிரம்புமா என்ற கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த அணியை நிரப்பியவரும், இன்று பேசுபவரும்: கலையரசன்."