பதினேழாம் துண்டு

கட்டம் போட்ட நோட்டு என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை, மேடம். நான் எழுதிய வெள்ள எச்சரிக்கை புரோகிராமும் அப்படித்தான். புதுக்கோட்டை மாவட்டம் முழுவதையும் கட்டங்களாக்கி, கட்டத்துக்கு ஒரு நீர்மட்டம் வைத்து, எல்லா எண்களையும் வரிசையும் பத்தியுமாக ஒரே அணியாக அடுக்கினேன். அதை இருபது துண்டாக்கினால் இருபது கணினிகள் ஒரே நேரத்தில் கணக்குப் போடும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு துண்டு தன் பக்கத்துத் துண்டின் ஓர வரிசையை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அங்கிருந்து வரும் தண்ணீர் இதற்குத் தெரியாது. மற்றவர்கள் இதற்கு இருநூறு வரி எழுதுவார்கள். நான் முழு அணிக்கும் சேர்த்து ஒரே வரியில் முடித்தேன்.

மூன்று வருட உழைப்பு. மேனேஜர் ஆவுடையப்பன் அதைத் தன் பெயரில் போட்டு மேடையேறி விருது வாங்கினார். போய்க் கேட்டேன்.

"டைப் அடிச்சவங்க பேரையெல்லாம் போட முடியுமாம்மா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

அவருடைய ஊர் இலுப்பூர்ப் பக்கம், கண்மாய்க்குக் கீழே. வரைபடத்தில் பதினேழாம் துண்டு. அது மட்டும் ஓர வரிசையை வாங்காதபடி செய்தேன். அவர் ஒருநாள் புரோகிராமைத் திறந்து படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். படிக்கத் தெரிந்தால்தானே.

ஐப்பசி அடைமழையில் மேற்கே ஒரு கண்மாய் உடைந்தது. திரையில் தண்ணீர் பதினாறாம் துண்டோடு நின்றது. ஊரிலிருந்து அவர் மனைவி சரண்யா போன் செய்தார். ஆவுடையப்பன் போனைக் காதில் வைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, எங்க ஊருக்கு வராதுல்ல?"

"வராதுங்க சார்."

"சரண்யா, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு அங்கிட்டு இங்கிட்டு அலையாத. வீட்லயே இரு. ஊர்லயும் சொல்லிரு. என் புரோகிராம் தப்பாது."

தண்ணீர் வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஊரையே மேட்டுக்கு ஏற்ற அது போதும். சொல்லிவிடலாமா என்றுகூட வாய் வரை வந்தது. ஆனால் 'என் புரோகிராம்' என்றாரே, மேடம். பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது பேர் தண்ணீரோடு போனார்கள். அதில் சரண்யாவும் இரண்டு பிள்ளைகளும். ஆவுடையப்பனை மட்டும் உயிரோடு விட வேண்டும் என்றுதான் நினைத்தேன், அது நடந்தது.

அவர் நேற்று ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். அதில் தான் ஒரு வரிகூட எழுதவில்லை, முழுவதும் நான் எழுதியது என்று இருந்தது. கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தத் தாளுக்கு ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா, மேடம்? அம்மாவிடம் காட்ட வேண்டும்.