மாணவர் இருக்கையில் ஒன்றரை மணி நேரம்

மதிய உணவுக்குப் பிறகு வரும் அமர்வுதான் எந்தப் பயிற்சியிலும் சிரமமானது. வயிறு நிறைந்த ஆசிரியர்களை விழித்திருக்க வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை, ஐயா. நீங்கள் விசாரணை அதிகாரி. வகுப்பு எடுத்துப் பழக்கம் இருக்காது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். போன முறை உங்கள் முன்னால் உட்கார்ந்தபோது பாதிதான் சொன்னேன்.

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வடிவமைப்பது என் தொழில். பத்தொன்பது வருடமாக இதையேதான் செய்கிறேன். சுற்றறிக்கை போனால் அவர்கள் வந்தே ஆக வேண்டும்; விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. வேண்டாவெறுப்பாக வருவார்கள். காலையிலேயே மாலைக் கையெழுத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டு, சாப்பிட்ட கையோடு கம்பி நீட்டிவிடுவார்கள். விளையாட்டு, பாட்டு, குழு வேலை, வண்ணத்தாள் என்று நானும் தலைகீழாக நின்று பார்த்தேன். நாற்பது பேரோடு தொடங்குவது பதினான்கு பேரோடு முடியும். பிள்ளைகளை ஒரு நொடி தாமதத்துக்கு வெளியே நிறுத்துகிறவர்கள்தான் இவர்கள்.

ஒருமுறை வேதியியல் ஆசிரியை ஒருவர் கருத்துப் படிவத்தில் ‘டீ நன்றாக இருந்தது’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். பெயர் போடத் தேவையில்லாத படிவம். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். ஐம்பத்தாறு வயது, ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. மற்றவர்கள் அவரைக் கெமிஸ்ட்ரி அக்கா என்பார்கள். எனக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. அந்தப் படிவத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்த வருடம்தான் ‘மாணவர் இருக்கை’ என்ற அமர்வை உருவாக்கினேன். காலையில் ஆளுக்கு ஓர் அட்டை கொடுப்பேன். வகுப்பில் பிள்ளை ஏதாவது கேட்டால் நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலை எழுதுங்கள் என்பேன். சிரித்துக்கொண்டே எழுதித் தருவார்கள். பிற்பகலில் அவர்களைக் குழந்தைகளின் பெஞ்சில் உட்காரவைப்பேன். பை, கைப்பேசி, தண்ணீர் எல்லாம் வெளியே வராந்தாவில். ஒன்றரை மணி நேரம் அவர்கள் மாணவர்கள், நான் ஆசிரியர். யார் எது கேட்டாலும் அந்த அட்டைகளிலிருந்து ஒன்றைப் பார்த்துப் படிப்பேன். சொந்தமாக ஒரு சொல்கூடச் சேர்க்க மாட்டேன்.

முதல் அரை மணி நேரம் கும்மாளமாக இருக்கும். பிறகு முகங்கள் மாறும். முழங்கால் பெஞ்சுக்கு அடியில் நுழையாது. சன்னலுக்கு வெளியே சுவர்தான் தெரியும். அனுமதி கேட்டுக் கேட்டு, அது கிடைக்காது என்று புரிந்ததும், பேரப்பிள்ளை எடுத்தவர்களுக்கே கண் கலங்கும். மாட்டிக்கொண்டோம் என்ற அந்த உணர்வுதான் நான் நடத்த வந்த பாடம்.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இந்த அமர்வு எல்லாப் பள்ளிகளுக்கும் போகும். பிடிக்காவிட்டால் நான் மறுபடியும் வண்ணத்தாள் வெட்டப் போக வேண்டும். பெஞ்சில் முப்பத்தாறு ஆசிரியர்கள். கெமிஸ்ட்ரி அக்கா மூன்றாவது வரிசை, சுவர் ஓரம்.

அமர்வு முடியப் பதினொரு நிமிடம் இருக்கும்போது அவர் கை தூக்கினார்.

“சார், மூச்சு விட முடியல. வெளிய போகணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். மற்ற ஆசிரியர்கள் அதற்குள் தலைவலி, வயிற்றுவலி என்று எல்லாக் காரணமும் சொல்லி அனுமதி கேட்டு முடித்திருந்தார்கள். நான் அட்டையைப் பார்த்து, “பெல் அடிச்சதும் போலாம்” என்றேன்.

“சார், என் பை வெளிய இருக்கு. மருந்து அதுலதான் இருக்கு.”

“வீட்லேருந்து வரும்போதே யோசிச்சிருக்கணும்.”

கைதட்டல். பின்வரிசையில் ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார். அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த விளையாட்டு ஆசிரியை எழுந்தார். “சார், அக்காவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது.”

“அவளுக்கு நீ வக்கீலா? உக்காரு.”

அவர் பாதிச் சிரிப்போடு உட்கார்ந்துவிட்டார். சொன்ன சொல் கேட்பது ஆசிரியர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஆசிரியர் இடத்தில் யார் நின்றாலும் கேட்பார்கள். அக்கா மறுபடியும் கை தூக்கினார். இந்த முறை சத்தம் வரவில்லை. நான் அடுத்த அட்டையை எடுத்தேன். “நடிக்காத. தலைய டெஸ்க்ல வச்சுப் படு.” அது அவரே எழுதிக் கொடுத்த அட்டை. அவர் படுத்தார்.

போன விசாரணையில், நடிக்கிறார் என்று நினைத்ததாகச் சொன்னேன். கதவு சும்மா சாத்தியிருந்தது என்றும் சொன்னேன். இரண்டையும் திருத்த வேண்டும். மதியத்துக்கு மேல் யாரும் நழுவக் கூடாது என்று கதவைப் பூட்டியிருந்தேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நடிப்பைப் பற்றியும் எனக்குத் தெரியும். நடிக்கிறவர் சிரிப்பு வருகிறதா என்று பக்கத்து முகங்களைப் பார்ப்பார். அவர் யாரையும் பார்க்கவில்லை, கதவை மட்டும் பார்த்தார். உதடு நிறம் மாறுவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் பயம் அவருக்காக இல்லை. கதவைத் திறந்தால் அமர்வு அந்த இடத்திலேயே செத்துவிடும். அறை முழுக்க அப்படி ஓர் அமைதி வந்திருந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்காத பிற்பகல் அதுதான். கடிகாரத்தை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நிமிடம், ஆறு நிமிடம், இரண்டு நிமிடம். மணி அடித்தேன். முப்பத்தைந்து பேர் எழுந்தார்கள்.

பத்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் மருத்துவர். அக்காவின் கணவர் ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கடைசியா அவ ஏதாவது கேட்டாளா சார்?”

“ஒண்ணும் கேக்கலீங்க. அமைதியாதான் இருந்தாங்க” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு முப்பத்தைந்து பேரின் பள்ளிகளுக்கும் நானே நேரில் போய் விசாரித்தேன். இப்போது பிள்ளை கை தூக்கினால் ஒருவர்கூடக் காரணம் கேட்பதில்லையாம். உடனே அனுப்பிவிடுகிறார்கள். அந்த விளையாட்டு ஆசிரியை மழைக்குக்கூட வகுப்பறைக் கதவைச் சாத்த விடுவதில்லை. ஒரு பயிற்சி வகுப்பறைக்குள் போய் இப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து அதையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தே நான் கதவைத் திறக்கவில்லை. இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். வந்திருந்த முப்பத்தாறு பேரில், அன்றைய பயிற்சி பயன் தராமல் போனது அவர் ஒருவருக்குத்தான்.