தோட்டத்து லைன்

அந்தக் கதவை முதலில் சாத்துங்கள்.

ராத்திரி மணி பன்னிரண்டு இருக்கும். மெர்டேக்காவுக்கு, அதான் மலாயா சுதந்திரத்துக்கு, முந்தைய வருஷம். காஜா பேராங் சாலையில் ஈ காக்கை இல்லை... நம்ம ஷரீஃபுதீனின் மாமா கபீர், மழையில் நனைந்தபடி சைக்கிளை மிதித்து மலாக்கா டெலிபோன் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறார்.

அங்கே ஒரு வழக்கம். பக்கத்து நிலையங்கள் அடிக்கடி ஒன்றையொன்று கூப்பிட்டு, "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பிறகு எந்த லைன் ஓடுகிறது, எது அறுந்தது என்று சேதி மாற்றிக்கொள்வார்கள். ஒவ்வொரு சேதிக்கும் ஒரு நம்பர். பெரிய நம்பர்தான் புதுசு, அதைத்தான் நம்ப வேண்டும். தன்னிடம் இல்லாததைக் கேட்டு வாங்கி, "கிடைச்சது" என்று சொல்லி, மற்ற நிலையங்களுக்குத் தள்ளிவிட வேண்டும். சத்தமே இல்லாத நிலையம் செத்ததாகக் கணக்கு. அப்புறம் அது கூப்பிட்டாலும் யாரும் எடுக்க மாட்டார்கள்.

முந்தின மாதம் ரப்பர் தோட்டத்து நிலையத்திலிருந்து ஆபரேட்டர் நடராஜன் கூப்பிட்டபோது கபீர் தூங்கிவிட்டார். விழித்ததும், தன் தப்பை மறைக்க, "தோட்டம் செத்துப்போச்சு" என்று எல்லாருக்கும் சேதி தள்ளினார். பாவி மனுஷன். அன்றைக்குத் தோட்டத்தில் தீ... நடராஜன் லைனில் கத்திக் கத்தியே கருகிப்போனான்.

இந்த மழை ராத்திரியில் கபீர் போய் உட்கார்ந்ததுதான் தாமதம், பலகையில் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தால் விழும் மூடி 'டக்' என்று விழுந்தது. எரிந்துபோன லைன். அறை முழுக்கக் கருகிய ரப்பர் வாடை... ஆனாலும் கம்பியைச் செருகினார்.

"இருக்கேன், பாய்."

நடராஜன் குரல். பின்னால் மரம் படபடவென்று வெடிக்கிற சத்தம்.

"புதுச் சேதி ஒண்ணு. உங்ககிட்ட இருக்கிறதவிடப் பெரிய நம்பர். மலாக்கா செத்துப்போச்சு."

வருஷக்கணக்கான பழக்கம்... வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கிடைச்சது."

லைன் அடங்கியது. கபீர் பதறிப்போய் பக்கத்து நிலையங்களைக் கூப்பிட்டார்; செமாபோக்கைக் கூப்பிட்டார், புக்கிட் ரம்பாயைக் கூப்பிட்டார். இருக்கேன், இருக்கேன் என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர்கள் பேசுவது இவருக்குக் கேட்டது. இவர் குரல்தான் யாருக்கும் எட்டவில்லை. மலாக்கா செத்துப்போச்சாம், வேற வழியா அனுப்பு என்று செமாபோக்காரன் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார். மனைவி சபியாவாவது கதவைத் திறந்தால் போதும். தட்டினார்... தட்டினார். உள்ளே விளக்கு எரிந்தது, திறக்கவில்லை. சபியா யாரிடமோ விசும்பி விசும்பிப் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் டெலிபோன் கிடையாது.

ஜன்னல் இடுக்கு வழியே பார்த்தார். கருகிய ரப்பர் வாடை குப்பென்று அடித்தது. சபியா தனியாக நின்றுகொண்டு, வெறும் சுவரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"கிடைச்சது."