எழுதியவர் பெயர் ஏட்டில் இல்லை

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்று, தலையை ஆட்டி ஆட்டியே தூக்கத்தைத் துரத்திக்கொண்டிருக்கும் துணை முதல்வர் ஐயா அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்து என் பக்கத்து நாற்காலியிலேயே மாட்டிக்கொண்ட, ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர் ஐயா அவர்களே, பேரும் புகழும் பெற்ற பெரியோர்களே, பிள்ளைகளைப் பெற்று வளர்த்துப் படிக்க வைத்துவிட்டு, பட்டம் வாங்கும் நாளில் பின்வரிசையில் இடம் தேடும் தாய்மார்களே, பாடம் நடத்தும் பேராசிரியைகளே, பாடத்துக்கு மட்டம் போட்டு வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பெண் ஆசிரியர்களின் வழிகாட்டல் மன்றத்தைத் தொடங்கி வைக்க, ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என்னை ஏன் அழைத்தார்கள்? முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்தக் கல்லூரியில் மணியடித்தேன், கோப்பு சுமந்தேன், கூட்டத்துக்குக் கூட்டம் தேநீர் கொடுத்தேன். கோப்பில் இருப்பதும் தெரியும், கோப்பில் இல்லாததும் தெரியும். மறதி என்ற நோய் எனக்கு வந்ததே இல்லை. மன்னிப்பு உண்டு. ஆனால் கேட்க வருகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். வரிசை கொஞ்சம் நீளம்.

சிரிக்காதீர்கள். உங்களில் சிலர் அந்த வரிசையில் இருக்கிறீர்கள்.

இன்று மாலை ஐந்து மணிக்கு முதல்வர் பதவிக்கு விண்ணப்பம் போடும் கெடு முடிகிறது. இப்போது மணி நாலேகால். வந்தவை நான்கு. நான்கும் ஆண்கள். போடட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் மூன்றாம் வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வேதியியல் பேராசிரியை அம்மா ஏன் போடவில்லை? சொட்டுச் சொட்டாகத்தான் பேசுவார்கள் என்பதால் பிள்ளைகள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘பிப்பெட் மேடம்’. காலையில் தாழ்வாரத்தில் வழிமறித்துக் கேட்டேன்.

“என்ன மேடம், விண்ணப்பம் போட்டாச்சா?”

“மூணாம் பக்கத்துலயே நின்னு போச்சும்மா. நிர்வாகத்துல என்ன செஞ்சீங்கன்னு எழுதச் சொல்றாங்க. நான் என்னத்தச் செஞ்சேன்? எழுத ஒண்ணுமில்லையே.”

“அப்ப?”

“அடுத்த தடவை பார்த்துக்கலாம்.”

அடுத்த தடவையாம். அது வரும்போது இவர்கள் ஓய்வுபெற்று, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள்.

எழுத ஒன்றுமில்லையா? ஏன் இல்லை? சொல்கிறேன்.

கல்விக்குழுக் கூட்டம். பதினாறு நாற்காலி. அதில் ஒரே ஒரு பெண், நம் பிப்பெட் மேடம். முதல் நாளே பழைய முதல்வர் சொன்னார், “மேடம், உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு. கூட்டக் குறிப்பை நீங்களே எழுதிடுங்க.” ஒரு நாளைக்கு என்று நினைத்தீர்களா? பதினோரு ஆண்டுகள். பதினைந்து வாய் பேசும். ஒரு கை எழுதும். எழுதுகிறவர் தலை நிமிர்ந்து பேச நேரம் ஏது?

ஆனாலும் மேடம் பேசினார்கள். ஒரு புதன்கிழமை, வெளியே அடைமழை, நான் தேநீர்த் தட்டோடு நிற்கிறேன். “சாயந்திரம் லேப் வச்சிருக்கோம். ஆறேகால் பஸ்ஸைப் பிடிக்கணும்னு பொண்ணுங்க பாதியிலயே எழுந்து ஓடுறாங்க. காலையில மாத்திடலாமே” என்றார்கள். யார் காதிலாவது விழுந்ததா? ஒருவர் பிஸ்கட்டை நனைத்தார். ஒருவர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். பத்து நிமிடம் கழித்து, இதோ நம் கணக்கு ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, “லேபைக் காலையில வச்சா என்ன?” என்றார். அடடா, ஆகா, அருமை, அற்புதம். மேசையைத் தட்டிய தட்டில் நான் ஊற்றிய தேநீர் தளும்பியது.

அன்று குறிப்பேட்டை அலமாரியில் வைக்கும்போது, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘கணக்குப் பேராசிரியர் முன்மொழிந்தார்.’ யாருடைய கையெழுத்து? பிப்பெட் மேடத்தின் கையெழுத்து.

“ஏன் மேடம், சொன்னது நீங்க, பேரு அவருக்கா?”

“எழுதுறவளே தன் பேரை எழுதிக்கிட்டா நல்லாவா இருக்கும்? வேலை நடந்தா சரி.”

வேலை நடந்தது. பெயர் மட்டும் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. பதினோரு ஆண்டுகள் தன் பெயரைத் தன் கையாலேயே விட்டுவிட்டு, இன்று அதே ஏட்டை நம்பி ‘நான் ஒன்றும் செய்யவில்லை’ என்கிறார்களே, இதை எங்கே போய்ச் சொல்வது?

இங்கேதான் சொல்ல வேண்டும். நூலகம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறதே, கேட்டது யார்? பிள்ளை பெற்ற ஆய்வு மாணவிக்கு ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைக்கிறதே, மூன்று கூட்டத்தில் முட்டி மோதியது யார்? விலங்கியல் கட்டடத்து இரண்டாம் மாடிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வந்ததே, யாரால்? அந்தத் தாழ்ப்பாளை மட்டும் யாரும் தன் யோசனை என்று சொல்லிக்கொள்ளவில்லை.

கணக்கு ஐயா, தண்ணீர்க் குவளையை ஏன் பார்க்கிறீர்கள்? பதில் அதற்குள் இல்லை. லேப் நேரத்தை மாற்றச் சொன்னது யார்? மைக்கை ஐயாவிடம் கொடுங்கள்.

“அவங்கதாம்மா முதல்ல சொன்னாங்க. எனக்கும் தெரியும். அப்படியே விட்டுட்டேன்.”

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம் ஐயா.

“அது வேதியியல் மேடத்தோட யோசனை.”

கைதட்டுங்கள். இதைச் சொல்ல அவருக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. ஐயா, வரிசையில் நீங்கள் இன்று நாலு இடம் முன்னேறிவிட்டீர்கள்.

அங்கே யார் எழுந்து நிற்பது? தாவரவியலுக்குப் புதிதாக வந்த பிள்ளையா? சொல்லம்மா.

“எனக்கு அந்தக் கூடுதல் வருஷம் கிடைச்சது மேடத்தாலதான். அப்பப் பிறந்தவன் இப்ப ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான்.”

அங்கேயே நின்று பேசினால் எப்படி? போய் மேடம் பக்கத்தில் உட்கார். விண்ணப்பம் அவர்கள் கைப்பையில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தை எடுத்து, இப்போது நாங்கள் சொன்னதையெல்லாம் எழுது. மூத்தவருக்கு இளையவள் வழிகாட்டக் கூடாதா என்ன?

இந்த மன்றத்திடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கூட்டத்தில் ஒருத்தி வாய் திறந்தால், ‘அது இவங்க சொன்னது’ என்று பக்கத்தில் இருப்பவள் உரக்கச் சொல்ல வேண்டும். கூட்டக் குறிப்பை எல்லோரும் முறை வைத்து எழுத வேண்டும். ஆண்களின் கையெழுத்து புரியாது என்கிறீர்களா? கவலை வேண்டாம், மருந்துக்கடைக்காரரைக் கூட்டி வந்து படிக்கச் சொல்கிறேன். பெண்ணுக்குப் பதவி கொடுங்கள் என்று கெஞ்ச நான் வரவில்லை. அவள் செய்ததை அவள் பெயரில் எழுதுங்கள். பதவி தானாக முகவரி கண்டுபிடித்து வரும்.

அங்கே என்ன சலசலப்பு? இடம் போதவில்லையா? கூடுதல் தாள் வேண்டுமாம், யாராவது கொடுங்கள். எழுத ஒன்றுமில்லை என்ற பக்கத்துக்கு இணைப்புத்தாள் கேட்கிறார்கள் பாருங்கள்.

மணி நாலே முக்கால். அலுவலகம் மூன்றாம் மாடியில். ஒருவர் மேடையில் பேசும்போது எழுந்து போவது மரியாதையில்லை என்று நினைக்கிற பிறவி எங்கள் மேடம். நான் பேசி முடிக்கும்வரை அந்த நாற்காலியை விட்டு அசையமாட்டார்கள். எனக்கோ இன்னும் ஆறு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டியது பாக்கி. அந்த ஆறு பேரும் இன்று பிழைத்துப் போகட்டும். அழைத்தவர்களுக்கு நன்றி, பொறுத்தவர்களுக்கு நன்றி, எல்லோருக்கும் என் வணக்கம்.

பேச்சு முடிந்தது மேடம். எழுந்து போங்கள்.