மேரியின் நீலம்

இரவு ஒன்பது தாண்டியிருக்கும். கோவிந்தாபுரத்திலிருந்து எருத்தேன்பதி போகிற வழி... இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, ஒற்றை ஸ்கூட்டர். ஓட்டியவன் என் கூட்டாளி மோகனசுந்தரம், கோவிந்தாபுரத்தில் கடை வைத்திருப்பவன். பின்னால் அவன் தங்கை யோகப்பிரியா. பல்கலைக்கழகத்தில் நானோ ஆராய்ச்சி. கண்ணுக்குத் தெரியாத துகள் செய்து, ஊதா விளக்கடித்து, எப்படி மின்னுகிறது என்று பார்க்கிற வேலை.

அதே குழுவில் ஆனைக்கரைப் பெண் இன்பமேரி. ஏலக்காய்த் தோலிலிருந்து அவள் எடுத்த துகள், தண்ணீரில் கலந்து ஊதா விளக்கடித்தால் நீலமாய் எரியும். யோகப்பிரியா தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்ததோ, சந்தை கலைந்தபின் கிடக்கிற கத்தரிக்காய்... யாரும் சீண்டவில்லை. குழுவை நடத்துகிற சார் வாயைத் திறந்தால் மேரி, மேரி. குமுளி வளைவில் ஜீப் கவிழ்ந்து மேரி செத்தாள். அதன் பிறகும் மேரி, மேரி. வயிறு எரியாதா?

மேரியின் கட்டுரையை முடிக்கிற பொறுப்பு இவளுக்கு வந்தது. முதலில் யார் பெயரோ, அவர் செய்ததாகத்தான் உலகம் நம்பும். தன் பெயரை முதலில் போட்டு, மேரி பெயரைக் கடைசியில் தள்ளினாள். அன்றிலிருந்து...

"மத்தவங்க புடிச்சா எரியுதுண்ணா. நான் தொட்டா அணைஞ்சு போகுது."

வண்டியை நிறுத்தினார்கள். மோகனின் சட்டைப்பையில் கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச். அவள் பையிலிருந்து எடுத்த மேரியின் துகள் குப்பியை அவன் பிடித்தான். நீலம். அவள் வாங்கினாள்... வெறும் தண்ணீர்.

காற்றே இல்லை. ஏலக்காய் வாசம் மட்டும்... காதோரம் யாரோ மென்றுகொண்டே மூச்சு விடுகிற மாதிரி.

"ஏன்டி மேரி, செத்தும் உட மாட்டியா? சரி, ரெண்டாவது பேரு உன்னுது."

இருட்டு.

"ரெண்டு பேரு உழைப்பும் சமம்னு பேருக்கு மேல நட்சத்திரக் குறி போட்டுடறேன்."

குப்பியின் அடியில் ஒரு மினுக்கல்... அணைந்தது. விலை படியாதவன் பாதி எழுந்து உட்காருவானே, அப்படி.

"அட, குடுத்துத் தொலை புள்ளே, ஊட்டுக்குப் போலாம்," என்றான் மோகன், பல் தந்தியடிக்க.

"சரி... உன் பேருதான் முதல்ல."

குப்பி முழுக்க நீலம். அந்த வெளிச்சத்தில் ரோட்டில் தென்னை மட்டை நிழல் விழுந்தது.

மறுநாள் தன் பெயரையே முதலில் போட்டுக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பினாள். செத்தவளிடம் பேசிய பேரத்துக்கு ரசீதா இருக்கிறது?

கட்டுரை வெளியானது. பாராட்ட வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். அவருக்குக் காட்ட, சார் எல்லாரையும் இருட்டறைக்குள் நிறுத்தி ஊதா விளக்கைப் போட்டார். அந்த விளக்கில் வெள்ளைத்துணி, பல், நகம்... யாருக்கும் பளிச்சிடும். எல்லாருக்கும் பளிச்சிட்டது. வெள்ளைக் கோட் போட்டு யோகப்பிரியா நின்ற இடத்தில் மட்டும் கோட் இல்லை, பல் இல்லை.

"யோகா, எங்கம்மா?" என்றார் சார்.

"இங்கதானுங்க சார் நிக்கறேன்," என்றது இருட்டு.

வந்தவர் அதைக் கவனிக்கவில்லை. அந்த இருட்டுக்குப் பக்கத்தில், ஆளே இல்லாத இடத்தில், வெள்ளைக் கோட் ஒன்று நீலமாய் மின்னியது; அதைப் பார்த்துக் கை நீட்டினார்.

"கட்டுரையில முதல் பேரு இவங்களுதா?"

அந்த வெள்ளைக் கோட்டின் கை மெதுவாக எழுந்தது.